ஏழு கடல் தாண்டி ஒரு கவுன்ட்டர்

சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தாலும் இப்ப நான் தின்ன பரோட்டா செமிக்காமப் போகட்டும்.

ஒரு காட்டுல காட்டெருமை ராட்சசன் ஒருத்தன், ஆட்டு இளவரசியத் தூக்கிட்டு வந்து வெச்சிருந்தான். அவனை எவன் குத்தினாலும் சாவு வராது. ஏன்னா உயிரைக் கழட்டி, ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு குகையில, பவுனுங்கிற கிளிக்குள்ள வெச்சுக் கூண்டைப் பூட்டியிருந்தான்.

ஒருநாள் அணில் குருவம்மா ஓடியாந்துச்சு. "அடியே பவுனு, இளவரசிய மீட்கக் கெடா இளவரசன் கெளம்பிட்டான்டி! இந்த மாதிரிக் கதை நான் நூறு கேட்டிருக்கேன். உன்னை மிதிச்சுக் கொல்லுவான், ராட்சசன் சாவான், அப்புறம் கல்யாணச் சாப்பாடு."

"நான் என்னடி தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. பெரிய எடத்துக்காரங்க ரெண்டு பேரு மோதினா உசுரு நம்மளுதுதான் போகும். அதான் உள்ளர்த்தம். அது வெளங்கறதுக்குள்ள கதை கேக்குற புள்ளைங்க தூங்கிடுதா, யாரும் கண்டுக்கல."

பவுனு கூண்டைச் சுத்திப் பாத்துச்சு. பறக்க வழியில்ல. ஆனா அது பொறந்து வளந்தது ஒரு தாலுகா ஆபீஸ் ஜன்னலோர வேப்பமரத்துல. கிளி கேட்டதை மறக்குமா?

கெடா மூச்சு வாங்க வந்து கொம்பை ஓங்குச்சு. "ஏ கிளி, செத்தடி!"

பவுனு நிமிர்ந்தே பாக்கல. "டோக்கன் எடுத்தீங்களா?"

"என்ன டோக்கன்?"

"உயிர் எடுக்கத்தான வந்தீங்க? வெளிய கல்லுல உக்காருங்க. கூப்பிடுவோம்."

கெடாவோட கொம்பு தானா எறங்கிடுச்சு. பவுனு சாயங்காலம்தான் கூப்பிட்டுச்சு.

"மேடம், அந்த உயிர்..."

"ராட்சசன்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. ஜெராக்ஸ் ரெண்டு."

ஏழு கடலையும் திரும்ப நீந்துச்சு கெடா. விஷயம் கேட்ட ராட்சசன் பதறி, கெடாவுக்கு முன்னாடியே குகைக்கு ஓடியாந்தான்.

"ஏம்மா பவுனு, உன்னை இங்க வெச்சதே நான்தான். என் உயிரைக் குடுத்துடு!"

"குடுக்கலாம் சார். உயிரோட இருக்கீங்கன்னு சர்ட்டிபிகேட் இருக்கா?"

"உயிர் உன்கிட்டல்ல இருக்கு!"

"அப்பக் கஷ்டம்தான். நாளைக்கு வாங்க."

இப்ப ரெண்டு பேரும் ஒரே வரிசையில நிக்கிறாங்க. கெடாவுக்குக் கால் வலிச்சா ராட்சசன் எடம் பாத்துக்கறான். போட்டி போட்டுக் கொய்யாப்பழம் கொண்டாறாங்க. மேடத்துக்குக் காத்து வரட்டும்னு ராட்சசனே கூண்டைத் தெறந்து விட்டான். பவுனு போகுமா? சீட்டு போயிடும்ல! கோவைப்பழத்துல மூக்கை முக்கி, எலையில ஒரு குத்து குத்தி, "அடுத்தது"ங்குது.

இளவரசியா? காவலுக்கு ஆளில்லன்னு தெரிஞ்சதும் அவளே நடந்து வீட்டுக்குப் போயிட்டா.

நீதி: உயிர் யாரோடதா வேணா இருக்கட்டும், சீல் நம்மகிட்ட இருக்கணும்.

சரி, கேட்டவங்க ஆளுக்கு ஒரு வாழைக்கா பஜ்ஜி எடுத்து வைங்க. முடியாதுங்கறவங்க, கேட்ட கதையைத் திருப்பிக் குடுத்துட்டு எந்திரிங்க.