ஒரு பக்கம் மட்டும் சிரித்த விமானம்

உலகப் போரில் யார் யார் விமானம் ஓட்டினார்கள், யார் யாரைச் சுட்டு வீழ்த்தினார்கள் என்பதை எழுதிவைக்க எத்தனையோ பேர் உண்டு. அந்த விமானங்களுக்கு மேல்வரிசையில் எத்தனை பல் என்று கவலைப்பட இந்தப் பூவுலகில் ஒரே ஒரு மனிதர்தான் இருந்தார். அவர் மதுரை பழங்காநத்தத்தில் இருந்தார்.

அவரை எல்லோரும் பல்செட்டு அண்ணன் என்போம். செயற்கைப் பல்வரிசை செய்வது தொழில். தெருவைப் பார்த்த அவருடைய முன்னறையில் ஒரு சாய்வு நாற்காலியும் ஒரு சுவரலமாரியும் இருந்தன. அலமாரியின் மேல்தட்டுகளில் ஊரார் வாய்களின் வெள்ளை அச்சுகள். கீழ்த்தட்டுகளில் முப்பத்தெட்டுப் போர் விமானங்கள். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய அந்த விமானங்கள் ஒவ்வொன்றும் அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. மேலே பிளந்த வாய்களும் கீழே குண்டுவீச்சு விமானங்களுமாக இருந்த அந்த அலமாரியைக் கண்டதும், பல்வலி நின்றுவிட்டது என்று சொல்லித் திரும்பிப் போனவர்கள் உண்டு.

போர்க்காலத்தில் விமானிகள் தங்கள் விமானத்தின் மூக்கில் விரும்பிய படத்தை வரைந்துகொள்வார்களாம்: ஒரு பெண், ஒரு வாத்து, ஒரு மண்டையோடு, சுறாமீனின் வாய். எந்த விமானத்தில் எந்தப் படம், இறக்கையில் என்ன எண், வாலில் எந்த நிறப் பட்டை என்பதைப் புத்தகத்திலோ புகைப்படத்திலோ கண்ணால் காணும்வரை அண்ணன் தூரிகையைத் தொடமாட்டார். தெரியாத இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார். பாதி அலமாரி அம்மணமாக நின்றது.

தொழிலிலும் அதே சுபாவம்தான். பரவையிலிருந்து ஒரு காய்கறி மண்டிக்காரர் முழு செட்டு கட்டிக்கொள்ள வந்தார். அண்ணன் அவருடைய கல்யாணப் படத்தைக் கொண்டுவரச் சொன்னார். படத்தில் முன்பல் ஒன்று கோணலாக இருந்தது. அதே கோணலில் பல் வைத்துக் கொடுத்துவிட்டார்.

“யோவ், காசு குடுத்து யாராச்சும் கோணப்பல்லு வாங்குவாகளா? நேரா வைய்யா.”

“போட்டோவுல கோணலாத்தானண்ணே இருக்கு. நேரா இருந்ததுக்கு ஆதாரம் கொண்டாங்க, மாத்தித் தாரேன்.”

மண்டிக்காரர் திட்டிக்கொண்டே அதை மாட்டிக்கொண்டு போனார். வீட்டில் அவர் மனைவி அந்த வாயைப் பார்த்துக் கண்கலங்கினாராம். பல் விழுந்த நாளிலிருந்து காணாமற்போயிருந்த மாப்பிள்ளை திரும்பி வந்துவிட்டாராம்.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் வேர் ஒரு பயம். அண்ணனுக்கு எட்டு வயதாக இருந்தபோது, போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், பேரையூர்ப் பக்கம் கரிசல் காட்டில் ஒரு போர் விமானம் எரிபொருள் தீர்ந்து இறங்கிவிட்டது. ஊரே ஓடியது. பெரியவர்களின் கால்களுக்கிடையில் புகுந்து முன்னால் போய் நின்றார் அண்ணன். விமானத்தின் மூக்கில் ஒரு சுறாமீன் வாயைப் பிளந்து அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. வந்த வேகத்தில் திரும்பி ஓடியவர் வீட்டில் தானியம் கொட்டிவைக்கும் குலுக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மறுநாள்தான் வெளியே வந்தார். அதற்குள் பட்டாளத்து லாரி விமானத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

“எம்புட்டுப் பல்லுன்னு எண்ணாம ஓடியாந்துட்டேன் தங்கச்சி. அஞ்சு நிமிசம் நின்னிருந்தா, இன்னைக்குச் சீமைக்கெல்லாம் கடுதாசி போடுற வேலை இல்ல,” என்பார் என்னிடம்.

அந்த விமானத்தை அவர் செதுக்கி முடித்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மூக்கு மட்டும் சாம்பல் நிறத்தில் காத்திருந்தது.

கடிதங்களில்தான் நான் வருகிறேன். அப்போது நான் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். தகுதிகாண் பருவம் முடியவில்லை. அப்பா இறந்த பிறகு அம்மாவும் இரண்டு தங்கைகளும் அந்த ஒரு வேலையை நம்பியிருந்தார்கள். ஞாயிறு காலைகளில் நான் பயின்ற தட்டச்சுப் பயிலகத்தில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். அண்ணன் வெளிநாட்டுக்கு எழுதும் ஏரோகிராம் தாளோடு அங்கே வந்து தமிழில் சொல்வார். நான் ஆங்கிலத்தில் அடிப்பேன். கைம்மாறாகப் பழைய புத்தகக் கடையில் பொறுக்கிய ஆங்கில நாவல்களைத் தருவார். அவற்றில் கடைசிப் பக்கம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

போர்க்காலத்தில் மதுரைத் தளத்திலிருந்து பறந்த விமானங்களின் எண்கள் எவை, அடையாளங்கள் எவை, எந்தத் திசையில் பறந்தன, மேல்வரிசையில் எத்தனை பல் என்று வெளிநாட்டிலிருந்த முதிய விமானிகளுக்கு எழுதிக் கேட்டோம். கடிதத்தின் இடப்பக்க அடியில் சொன்னவரின் தலைப்பெழுத்து, ஒரு சாய்கோடு, அடித்தவரின் தலைப்பெழுத்து: இதைப் போடாத கடிதம் கடிதமே இல்லை என்பது எங்கள் பயிலக முதல்வரின் மதம். நானும் ஒன்றுவிடாமல் போட்டேன். ஆர்.பி./வி.கே. இருபத்தாறு கடிதங்கள், இருபத்தாறிலும் கையை உயர்த்தி ‘நான்தான்’ என்று சொல்லியிருந்தேன்.

பிறகு நெருக்கடிநிலை வந்தது. பேருந்தில்கூட மக்கள் மெல்லப் பேசினார்கள். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பயிலகத்துக்குள் நுழைந்ததும் முதல்வர் என்னை ஓரமாக அழைத்தார்.

“போலீஸ் ஆளு மாதிரி ஒருத்தரு வந்தாரும்மா. கையில ஏரோகிராம் வச்சிருந்தாரு. வி.கே. யாருன்னு கேட்டாரு. எனக்குத் தெரியாதுன்னுட்டேன். பல்செட்டுக் கடைக்கு வழி கேட்டுட்டுப் போறாரு.”

செருப்பை மாட்டினேனா என்பது இன்றுவரை தெரியாது. குறுக்குச் சந்தில் ஓடி, அவருக்கு முன்னால் அண்ணனின் கடையை அடைந்தேன்.

“அண்ணே, கார்பன் காப்பி பூராத்தையும் அடுப்புல போட்டுருங்க.”

“அதெப்படித் தங்கச்சி? நாளைக்குப் பதில் வந்தா எந்தக் கேள்விக்குன்னு எப்படித் தெரியும்?”

“நாளைக்கு நம்ம ஜெயில்ல இருப்போம்ணே.”

“எதுக்கு? பல்லு எண்ணுனதுக்கா?”

வாசலில் நிழல் விழுந்தது. அண்ணன் என்னை நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்தார். வெந்நீரில் இளகிக் கிடந்த அச்சு மெழுகைத் தட்டோடு எடுத்து என் வாய்க்குள் திணித்தார். நான் கடித்தேன். வந்தவர் சாதாரண உடையில்தான் இருந்தார். காலில் மட்டும் காவல்துறை பூட்ஸ்.

“நீதான் வெளிநாட்டுக்காரன்கிட்ட விமான விவரம் கேட்டு எழுதுற ஆளா?”

“ஆமாங்க ஐயா.”

“பதினெட்டுக் கடுதாசி போட்டுருக்க.”

“இருபத்தாறுங்க ஐயா. எட்டு ஒங்க கைக்கு வந்து சேரல போல.” அண்ணன் கார்பன் காப்பிகள் இருந்த கோப்பை எடுத்து நீட்டினார். “தேதி வரிசையில இருக்கு.”

என் வாய்க்குள் மெழுகு இறுகத் தொடங்கியது. அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“இது யாரு?”

“கடவாப் பல்லுங்க.”

“பேரு என்னம்மா?”

எனக்குள்ளிருந்து கன்றுக்குட்டியின் குரல் போல ஒன்று கிளம்பியது.

“அச்சு எறுகிக்கிட்டு இருக்குங்க ஐயா. இப்பப் பேசுனாக் கோணிரும்.”

அதிகாரி ஒரு தாளை எடுத்து அதன் அடியில் விரலை வைத்தார். “இந்த வி.கே. யாரு?”

தெருவில் சைக்கிள் மணி ஒலித்து ஓய்ந்தது. மண்டிக்காரருக்கே கோணப்பல் வைத்தவர் இவர். இவர் வாயில் பொய் வராது. என் அச்சமெல்லாம் அதுதான். மாதம் பிறந்தால் அம்மா யாரிடம் கையேந்துவாள் என்று எண்ணினேன். கண்ணில் நீர் வழிந்தது. பல்வலிக்காரிக்கு அது பொருத்தமாகவே இருந்திருக்கும்.

“அது எங்க குலசாமி பேருங்க ஐயா,” என்றார் அண்ணன். “உச்சியில பிள்ளையார் சுழி போடுறோம்ல, அது மாதிரி அடியில. கடல் தாண்டிப் போற கடுதாசி பாருங்க.”

“டைப் அடிச்சது?”

“நாந்தாங்க.”

அதிகாரி அவருடைய கைகளைப் பார்த்தார். பத்து விரலிலும் வெள்ளைச் சாந்து காய்ந்திருந்தது. “இந்தக் கையாலயா?”

“ரெண்டு விரலு போதுங்க.”

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவருடைய வேட்டியின் கரை நடுங்குவது தெரிந்தது. அந்தக் கால்கள் எட்டு வயதில் ஓடிய கால்கள். இம்முறை அவை நின்ற இடத்திலேயே நின்றன. நின்றதோடு விட்டாரா? அதிகாரியின் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் திருவாய் மலர்ந்தார்.

“ஐயா தப்பா நெனைக்கக் கூடாது. மேல் செட்டு யாரு வச்சது? பேசுறப்ப எறங்குது.”

அதிகாரி வாயை மூடினார். கோப்பையும் சாம்பல் மூக்கு விமானத்தையும் எடுத்துக்கொண்டார். “கூப்பிட்டா வரணும்,” என்று, உதடு பிரியாமல் சொல்லிவிட்டுப் போனார். என் வாயிலிருந்த அச்சைக் கழற்ற அதற்குப் பிறகு பத்து நிமிடமும் ஒரு செம்பு வெந்நீரும் பிடித்தன.

அடுத்த பத்தொன்பது நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுதினால் அது நகைச்சுவைக் கட்டுரையாக இராது. ஜீப் ஓசை கேட்டால் அடித்த வரியையே மறுபடி அடிப்பேன். ஒருநாள் அலுவலகக் கண்காணிப்பாளர் தம் அறைக்கு அழைத்தார். மேசையைப் பற்றிக்கொண்டு நின்றேன். ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

இருபதாம் நாள் அதிகாரி தனியாகப் பல்செட்டுக் கடைக்கு வந்தாராம். கோப்பை மேசைமேலும் விமானத்தை அலமாரியிலும் வைத்தாராம்.

“பூராக் கடுதாசியும் படிச்சேன்யா. பல்லைத் தவிர வேற ஒண்ணுமே இல்லையே.”

“ஆமாங்க ஐயா.”

“ஒங்க குலசாமி நல்லா இங்கிலீசு எழுதுது. இனிமே எழுத வேணாம்னு சொல்லிரு.”

அதன் பிறகு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாராம்.

குலசாமி அத்துடன் எழுதுவதை நிறுத்திக்கொண்டது. அடுத்த ஆண்டு எனக்குப் பணி நிரந்தரமானது. நெருக்கடிநிலையும் நீங்கிய பிறகு, எங்கள் பழைய கடிதம் ஒன்றுக்குப் பதிலாக ஒரு முதிய விமானி புகைப்படம் அனுப்பியிருந்தார். கரிசல் காடு, சுற்றிலும் ஊர் மக்கள், நடுவில் அந்த விமானம். அண்ணன் பூதக்கண்ணாடியோடு ஒரு பகல் முழுவதும் எண்ணினார். மேலே பதினொன்று, கீழே ஒன்பது. ஆனால் படத்தில் தெரிந்தது இடப்பக்கம் மட்டும். இடப்பக்கத்தில் மட்டும் பல் வரைந்தார்.

“அந்தப் பக்கமும் இதே மாதிரித்தானண்ணே இருக்கும்?” என்றேன்.

“இருக்கும்னு எப்படித் தங்கச்சி சொல்றது? ஒன் ரெண்டு கடவாப் பல்லே ஒண்ணுபோல இல்ல. அச்சு எங்கிட்ட இருக்கு.”

வேறு ஊருக்கு மாற்றலாகி நான் புறப்பட்ட காலையில், பல்செட்டுப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து அந்த விமானத்தைக் கொடுத்தார். ஒரு பக்கம் சிரிப்பும் மறுபக்கம் சாம்பலுமாக அது இன்றும் என் புத்தக அலமாரியில் நிற்கிறது. ரயிலில் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் அதன் அடிவயிறு கண்ணில் பட்டது. ஆதாரமில்லாமல் ஒரு பல்லைக்கூட வரையாத மனிதர், எந்தப் போரிலும் எந்த விமானமும் சுமந்திராத ஓர் அடையாளத்தை இடப்பக்க ஓரமாக, மெல்லிய தூரிகையால் எழுதியிருந்தார்: ஆர்.பி./வி.கே.

ஞாயிற்றுக்கிழமைகளில் விமானத்தைத் துடைக்கும்போது, அந்த இடத்தில் மட்டும் துணி படாமல் பார்த்துக்கொள்கிறேன்.