அந்துப்பூச்சிக்கு ஒன்றரை மார்க்

ஒரு விடுகதை போடுகிறேன். தனக்கென்று துளிக்கூடப் பலம் கிடையாது. அடுத்தவன் சேர்த்து வைக்க வைக்க இதற்குப் பலம் ஏறும். அது என்ன?

மைத்துனன் என்று சொன்னவர்கள் என் கட்சி. ஆனால் விடை அதுவல்ல. விடை, அந்துப்பூச்சி. துணியை அரிக்கிற நிஜப் பூச்சி அல்ல; என் மகளிடம் இருக்கும் ஒரு கார்டு.

பிள்ளைகள் வாங்கிச் சேர்த்து, தங்களுக்குள் மாற்றிக்கொண்டு, கட்டாக வைத்து விளையாடுகிறார்களே, அந்த விலங்கு கார்டு. ஒவ்வொன்றிலும் ஒரு படம், மூலையில் ஓர் எண். அந்த எண்தான் பலம். முயலுக்கு இரண்டு. காண்டாமிருகத்துக்கு ஏழு. டிராகனுக்குப் பத்து. அந்துப்பூச்சியின் மூலையில் எண்ணே இல்லை. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது: 'எதிராளியின் கையில் எத்தனை கார்டு மிச்சமோ, அத்தனை பலம்.'

சனிக்கிழமை நூலகத்து மாடியில் போட்டி. ஒரு கட்டில் இருபது கார்டுதான் இருக்கலாம். மகள் பத்தொன்பதைத் தேர்ந்துவிட்டாள். கடைசி இடத்துக்குக் காண்டாமிருகமா, அந்துப்பூச்சியா? இரண்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, இந்தப் பூச்சி உபயோகமா?"

அவளுக்குப் பத்து வயது. கடந்த ஒரு வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "ரிமோட் எங்கப்பா?" என்பதுதான். ஆகவே அந்த இடத்திலேயே ஒரு சபதம் எடுத்தேன். கார்டு விஷயத்தில் இனி நானே அவளுடைய ஆலோசகர். போட்டிக்கு ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் போகலாம், நாற்காலிக்குப் பின்னால் உட்காரலாம். அந்தப் பெரியவரும் நானே.

இன்னொரு பெரியவர் வீட்டில் இருந்தாக வேண்டும். வாஷிங் மெஷின் மெக்கானிக் சனிக்கிழமை வருகிறார். காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் நடுவில், அவருக்குத் தோன்றும்போது.

கடைகளுக்குப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது என் உத்தியோகம். எதையும் எடை போடாமல் நான் வாய் திறப்பதில்லை. தாள் எடுத்தேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். அரை மணி நேரம் கழித்துத் தீர்ப்பு சொன்னேன்.

"பத்துக்கு ஒன்றரை."

"அந்த அரை எதுக்குப்பா?"

"இறக்கையை நல்லா வரைஞ்சிருக்காங்க."

என் மனைவி மருந்துக்கடையில் மருந்தாளுநர். அப்போதுதான் வேலை முடிந்து வந்தவள், கைப்பையைக்கூட இறக்காமல் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாருக்கு?" என்றாள்.

"என்ன யாருக்கு?"

"உபயோகமா இல்லையான்னு பேசறீங்களே, யாருக்கு எதிரா போடறதுக்கு?"

"அதை எதுக்குக் கேக்கணும்? ஒரு கிலோன்னா யாருக்கும் ஒரு கிலோதான்."

"அது உங்க தராசுல. எங்க கடையில வந்து, இது நல்ல மாத்திரையான்னு கேட்டா, யாருக்குன்னு தெரியாம நான் பதில் சொல்லமாட்டேன்."

"இது பூச்சி. மாத்திரை இல்ல."

"சரிங்க, விளையாடிப் பாத்துடலாம். பூச்சி எனக்கு, காண்டாமிருகம் உங்களுக்கு. ஆட்டத்தைப் பாத்துட்டு, எந்தக் கார்டை வெச்சுக்கறது, யாரைக் கூட்டிட்டுப் போறதுன்னு இவளே சொல்லட்டும்."

"நான் ரெடி."

"மிச்ச கார்டுல உங்களுக்கு எது வேணுமோ, நீங்களே முதல்ல எடுத்துக்கோங்க."

இங்கே நான் உஷாராகியிருக்க வேண்டும். பதினான்கு வருடத்தில் அவள் என்னை முதலில் எடுக்கச் சொன்னது குப்பைக்கூடையை மட்டும்தான்.

டிராகனை எடுத்தேன். புலியை எடுத்தேன். யானை, முதலை, கரடி என்று கனமானவற்றையெல்லாம் வாரிக்கொண்டு, இருபதை நிரப்பக் கொஞ்சம் சில்லறையும் சேர்த்தேன். அவளுக்குத் தவளையும் ஆமையும் அணிலும்தான் மிஞ்சின. பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

விதி எளிது. தொடக்கத்தில் ஆளுக்கு ஐந்து கார்டு. ஒவ்வொரு சுற்றிலும் கட்டிலிருந்து இரண்டு எடுக்க வேண்டும். பிறகு கையில் உள்ளதில் எத்தனை வேண்டுமானாலும் கவிழ்த்து வைக்கலாம். ஒன்றாவது வைக்க வேண்டும். இருவரும் சேர்ந்து திருப்பினால், கூட்டுத்தொகை யாருக்கு அதிகமோ அவருக்கு அந்தச் சுற்று. முதலில் மூன்று சுற்று ஜெயிப்பவருக்கு ஆட்டம்.

முதல் சுற்று. நான் முயலை மட்டும் வைத்தேன். அவள் தவளை, ஆமை இரண்டையும் வைத்தாள். அவளுக்கு.

இரண்டாவது சுற்று. நான் நரி. அவள் மூன்று அணில். அதுவும் அவளுக்கு.

"அப்பா, ரெண்டு போச்சு," என்றாள் மகள்.

"போகட்டும்மா. பெரிய ஆளெல்லாம் என் கையில இருக்காங்க."

உண்மை. ஒரு கை போதாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கை வலிக்கப் போகுதுங்க," என்றாள் மனைவி. குரலில் உண்மையான அக்கறை இருந்தது. இன்றும் அதை மறுக்கமாட்டேன்.

மூன்றாவது சுற்று. இதையும் விட்டால் ஆட்டம் போய்விடும். ஆகவே துணிந்து காண்டாமிருகத்தை இறக்கினேன். ஏழு பலம்! டிராகனையும் கூட இறக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வேண்டாம், அவ்வளவு நல்ல கார்டு, பிறகு தேவைப்படும் என்று வைத்துக்கொண்டேன்.

அவள் ஒரே ஒரு கார்டைத் திருப்பினாள். அந்துப்பூச்சி.

"அப்பா கையில எத்தனைன்னு எண்ணும்மா."

மகள் சுற்றி வந்து, என் விரல்களை விலக்கி எண்ணினாள். "எட்டு."

எட்டு, ஏழைவிடப் பெரிது. இதற்குத் தராசு தேவையில்லை.

"டிராகனையும் வெச்சிருந்தா பதினேழு. ஏங்க வைக்கல?"

"கடைசிச் சுத்துக்குன்னு வெச்சிருந்தேன்."

"இதுதான் கடைசிச் சுத்து."

எட்டுக் கார்டையும் மேசையில் வைத்தேன். அவள் சொன்னாள்.

"புதுத் துண்டு ஆறு கவர் பிரிக்காம கிடக்கு, நாம கந்தல்ல தொடைச்சுக்கறோம். போன மாசம் அந்த நல்ல குடை நனைஞ்சுடும்னு, அதைச் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு மழையில நனைஞ்சு வந்தீங்க. உங்க கையில எட்டு இருக்கும்னு நான் ஜோசியமா பாக்கணும்?"

மகள் அதற்குள் தன் கட்டை எடுத்து வைத்திருந்தாள். பத்தொன்பது கார்டுக்கு மேல் இருபதாவதாகக் காண்டாமிருகத்தை வைத்தாள். பூச்சியை டப்பாவில் போட்டு மூடினாள்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். "பாத்தியா! நான் சொன்னதுதான் சரி! ஒன்றரை மார்க்!"

"நான் எப்போங்க அது உபயோகம்னு சொன்னேன்? யாருக்குன்னுதானே கேட்டேன்," என்றாள் மனைவி.

"அங்க வர்றவங்கல்லாம் கையில வந்ததை உடனே போட்டுருவாங்கப்பா," என்று மகள் விளக்கினாள். "இந்தக் கார்டு உங்களுக்கு மட்டும்தான் கேக்கும்."

"அதான், கார்டு விஷயத்துல அப்பா சொன்னது சரியாப் போச்சுல்ல? அப்போ சனிக்கிழமை?"

மகள் காண்டாமிருகத்தையும் அம்மாவையும் தேர்ந்தெடுத்தாள்.