சாயும் சுவருக்கு ஏற்ற அணி

பொதுமக்களின் மனுக்களில் இலக்கிய நயம் நாளுக்கு நாள் குன்றி வருவதை மேலிடம் ஆழ்ந்த கவலையுடன் கவனித்தது. "விளக்கு எரியவில்லை", "சாக்கடை நிரம்பிவிட்டது" என்று மொட்டையாக எழுதினால் படிக்கிற அதிகாரிக்கு எப்படி மனம் இளகும்? ஆகவே இனி ஒவ்வொரு மனுவிலும் ஓர் அணியாவது இருக்க வேண்டும் என்றும், அணியற்ற மனுக்கள் குறையற்ற மனுக்களாகக் கருதப்படும் என்றும் சுற்றறிக்கை வந்தது.

தையல்காரம்மாவுக்கு இது தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சுவர்தான். அவள் கடை மனு வாங்கும் அலுவலகத்தின் பின்சுவரை ஒட்டி இருந்தது. சுவர் அலுவலகத்துக்குச் சொந்தம். அது சாய்ந்தது மட்டும் கடைப் பக்கம். தையல் மிஷினுக்கு நேர் மேலே ஒரு சாண் துருத்திக்கொண்டு நின்றது. மழைக்கு இன்னும் இரண்டு மாதம்.

"சுவர் சாய்கிறது. விழுவதற்குள் பிரித்துக் கட்டவும்" என்று எழுதிக் கொடுத்தாள்.

குமாஸ்தா தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இதுல அணி எங்கம்மா?"

"எந்த அணி சார்?"

"உவமை, உருவகம், ஏதாவது. சுவர் எது மாதிரி சாயுதுன்னு சொல்லணும்."

"விழப்போற சுவர் மாதிரி சாயுது சார்."

"சுவரைச் சுவரோடயே ஒப்பிடறதா? அதுக்கெல்லாம் மேலதிகாரி அனுமதி வேணும்மா."

வீட்டில் இதைக் கேட்டதும் அவள் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பள்ளியில் அணிக் கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கியவர் அவர். அதன் பிறகு அந்த ஐந்து மதிப்பெண் எதற்குமே பயன்பட்டதில்லை.

"என்கிட்ட விடு. 'குடித்தவன் போல் சாயும் சுவர்.' எப்படி?"

"இதைப் படிச்சா வந்து கட்டுவாங்களாங்க?"

"உவமைடி இது! கட்டாம எங்க போவாங்க?"

பத்து நாளில் பதில் வந்தது. "தங்கள் மனுவில் குடித்தவன் ஒருவன் காணப்படுவதால் மனு போதை ஒழிப்புப் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது." அங்கிருந்து இருவர் வந்தார்கள். சுவரை மேலிருந்து கீழ்வரை மோந்து பார்த்தார்கள். "வாடை இல்லை" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"உவமைன்னா வெறும் 'மாதிரி'தானே, அதான் அசால்ட்டா விட்டுட்டாங்க. உருவகம் போட்டாத்தான் பயம் வரும்," என்றார் கணவர். 'சுவர்ப் புலி பாயக் காத்திருக்கிறது' என்று எழுதினார். இந்த முறை வனத்துறை கூண்டோடு வந்தது. கடை வாசலில் கூண்டை வைத்து, இரண்டு நாள் பதுங்கியிருந்து, "அகப்படவில்லை" என்று எழுதிக்கொண்டு போனது. அந்த இரண்டு நாளும் ரவிக்கை தைக்கக் கொடுக்க ஒருவரும் வரவில்லை.

இதற்குள் தெருவே மாறியிருந்தது. அலுவலக வரிசையில் நின்றவர்கள் "உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டுக்கொள்வதில்லை. "உங்களுக்கு என்ன அணி?" என்றுதான் கேட்டுக்கொண்டார்கள். சாவிக்கடைக்காரர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் நல்ல உருவகம் வீணாகிறதே என்று மனுவைக் கொடுத்துவிட்டே வந்தார்.

முதல் மழை பெய்தது. ஒரு சாண் ஒரு முழமானது.

தையல்காரம்மா நேரே பெரிய அதிகாரியின் அறைக்குள் போனாள். "உங்க ஆபீஸ் மாதிரி உலகத்துல உண்டா சார்? ரெண்டு மாசத்துல எவ்வளவு முன்னேற்றம்! இந்த ஆபீஸ்ல ஒரு காகிதம்கூட நகராது, சுவர் மட்டும் ஒரு முழம் நகர்ந்திருக்கு. அதையும் நீங்க யாரும் தள்ளல, அதுவா நகர்ந்தது. அதுக்கு ஒரு நாற்காலி போட்டு உள்ள உட்கார வைங்க!"

அதிகாரி துள்ளி எழுந்தார். "வஞ்சப் புகழ்ச்சி! புகழற மாதிரி பழிக்கிறது! இந்த ஆபீஸுக்கு வந்த முதல் வஞ்சப் புகழ்ச்சி!"

"சார், நான் திட்டினேன்."

"அதேதான்மா! தெரியாத மாதிரி திட்டியிருக்கீங்க!"

"தெரியற மாதிரிதான் சார் திட்டினேன்."

கோப்பு பறந்தது. அவள் சொன்னதைக் கல்லில் வெட்டி, சம்பந்தப்பட்ட சுவரிலேயே பதிப்பதென்று முடிவானது.

"ஐயோ, அவ்வளவு பெரிய கல்லைச் சுவர் தாங்காது சார்!"

"இலக்கியத்தைத் தாங்காத சுவர் எதுக்கும்மா?"

விழா அலுவலகப் பக்கம் நடந்தது. தையல்காரம்மாவைக் கடையிலிருந்து அழைத்துவந்து மேடையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். கல்லைப் பதிக்க அலுவலகப் பக்கமிருந்து சுத்தியலால் அடித்தார்கள். மூன்றாவது அடியில் சுவர் கடை மேல் படுத்தது.

சாயங்காலமே அறிவிப்புப் பலகையில் அறிக்கை ஒட்டப்பட்டது: "மேற்படி சுவர், மனுவின் நயத்தில் உள்ளம் உருகி, மனுதாரரின் கடையில் விழுந்து வணங்கியது. சாய்ந்த சுவர் தற்போது இல்லாமையால் குறை தீர்ந்தது."

"தற்குறிப்பேற்றம்!" கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அடி தாங்காம விழுந்ததுக்கு அதிகாரி தானா ஒரு காரணத்தை ஏத்திச் சொல்றாரு பாருடி!"

கூட்டம் அறிக்கையை நகலெடுத்துக்கொண்டு இடிபாட்டுக்கே வந்துவிட்டது. தையல்காரம்மா செங்கல் செங்கலாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கீழே மிஷினின் சக்கரம் மட்டும் தெரிந்தது.

"'விழுந்து வணங்கியது'ல ஒரு இது இல்லீங்க," என்றார் சாவிக்கடைக்காரர். "'தலை சாய்த்தது'ன்னு இருக்கணும்."

"சுவருக்கு ஏதுங்க தலை? 'மடி சேர்ந்தது'ன்னு போடலாம்," என்றார் கணவர்.

"மடிங்கறது அலுவலக நடைக்கு ஒத்து வராது," என்றார் குமாஸ்தா.

"யாராவது ஒரு கை குடுங்களேன்!" என்றாள் அவள்.

ஒருவருக்கும் காதில் விழவில்லை. வாதம் முற்றியது. அவள் கையில் செங்கல்லோடு நின்று, ஒவ்வொருவர் வாயாகப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"எல்லாமே தப்பு," என்றாள். "'கட்டிப் பிடித்தது'ன்னு போடுங்க. மிஷினை விடவே மாட்டேங்குதே!"

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் செங்கல்லைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, இன்னொண்ணும் தோணுது," என்றாள்.