பல்லை உடைத்த பச்சமுத்து

“மாமா, பச்சமுத்து சாவலீங்க! நல்லா உசுரோட இருக்காருங்க!”

லாரிக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருந்த குணசீலனின் கால் மெஷின் மிதியிலேயே நின்றது. கடை வாசலில் காளிதாஸ் வண்டியை விட்டு இறங்காமலேயே ஈயென்று சிரித்துக்கொண்டிருந்தான். புதுச்சத்திரம் கால்பந்துக் கழகத்துக்கு அவன்தான் செயலாளர்.

“எந்தப் பச்சமுத்து?” என்றார் குணசீலன். எந்தப் பச்சமுத்து என்று அவருக்கு நன்றாகவே தெரியும். 

“உங்க பல்ல ஒடைச்ச பச்சமுத்துதாங்க. சங்ககிரி டீமு ஸ்டாப்பர், கட்டை பச்சமுத்து! ஆந்திராவுல லாரி கவுந்து போய்ச் சேந்துட்டாருன்னு சொன்னீங்கல்ல? மாலை போடறதுக்கு ஒரு படம் வாங்கியாரலாம்னு போனேன். கதவத் தட்டுனா அவரே வந்து தொறக்கறாரு! ‘படம் எதுக்கு சாமி, ஞாயித்துக்கெழம நானே வாரேன்’னு சொல்லிப்போட்டாரு.”

எல்லாம் டீக்கடையில் தொடங்கிய வினை. கால்பந்து வரலாற்றிலேயே பெரிய முரடன் யார் என்று மூன்று வாரமாக அங்கே வாய்ச்சண்டை. காளிதாஸ் இத்தாலிக்காரன் என்பான். டீ மாஸ்டர் ராசு அர்ஜென்டினாக்காரன் என்பார். ஆளுக்கொரு போனில் வீடியோ போட்டு, எவன் எவன் காலை எப்படி வாரினான் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்கள். கடைசியில் குணசீலன் வருவார். டீயைக் கீழே வைப்பார். மேலுதட்டைத் தூக்கி, முன்வரிசையில் இரண்டு பல் இல்லாத சந்தைக் காட்டுவார்.

“வீடியோவுல பாத்துட்டுப் பேசறீங்க. நான் வாயில வாங்கிட்டுப் பேசறேன். ராசிபுரம் மைதானம், தொண்ணூத்தெட்டு. கட்டை பச்சமுத்து.”

அதற்கு மேல் அர்ஜென்டினா பேசுமா, இத்தாலி பேசுமா? கழகமே கூடி, போட்டித் தொடக்க விழாவில் ‘எல்லாக் காலத்துக்கும் முரட்டு ஆட்டக்காரர்’ என்று அமரர் பச்சமுத்துவின் படத்துக்கு மாலை போடத் தீர்மானம் போட்டது. அந்த அமரர்தான் இப்போது கதவைத் திறந்துவிட்டார்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? குணசீலனின் பல்லை உடைத்தது அடிபம்பு. ஊர்ப் பொதுக்குழாயில் எம்பி எம்பி அடித்தபோது கை நழுவி, கைப்பிடி விருட்டென்று மேலே வந்து வாயில் இறங்கியது. அடுத்த மாதமே பெண் பார்க்கப் போகவேண்டி வந்தது அவருடைய கெட்ட நேரம். பெண்ணின் அப்பா சின்னுசாமி ஒரு பந்துப் பைத்தியம். “பல்லு என்னாச்சுங்க மாப்ள?” என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் வசந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழ, அடிபம்பு என்று எப்படிச் சொல்வது?

ராசிபுரத்தில் வேடிக்கை பார்க்கப் போன ஒரு மேட்ச் நினைவுக்கு வந்தது. சங்ககிரிக்காரர்கள் தொண்டை கிழிய, “பச்சமுத்து, கட்டை போடு!” என்று கத்தியது நினைவுக்கு வந்தது. குறுக்கே காலை விட்டு ஆளை மறிப்பதை ஆட்டக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பெயரையும் அந்தக் கட்டையையும் சேர்த்து ஒரே போடாகப் போட்டார். மூன்று லாரி வைத்திருந்த வேறொரு மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வசந்தாமணி இவருக்குத் தலையாட்டினாள்.

இருபத்தைந்து வருடம் ஆகிறது. இன்றைக்கும் சண்டை வந்தால், “மூணு லாரியக் காட்டியும் நான் இந்த ரெண்டு பல்லுக்குத்தான் வாக்கப்பட்டேன்” என்பாள். அந்த இரண்டு பல்லும் பொய் என்று தெரிந்தால், அப்புறம் அவர் சொல்கிற எதை அவள் நம்புவாள்? 

“காளிதாசு, அது வேற பச்சமுத்துவா இருக்கும்ப்பா. சங்ககிரியில பச்சமுத்துக்குப் பஞ்சமா?”

காளிதாஸ் நெற்றியைச் சொறிந்தான். “அட ஆமாங்க! அப்ப ஒண்ணு பண்ணலாம். அந்த ஆளு ஆடறப்ப நேர்ல பாத்தது நீங்க ஒருத்தருதானுங்க. மேடையில வெச்சு நீங்களே அடையாளம் சொல்லிப்போடுங்க. மைக்கு குடுத்தர்றேன்.”

அதுவரை கூட்டத்தோடு கூட்டமாக நிற்கலாம் என்றிருந்தவருக்கு மேடையில் நாற்காலி போட்டாயிற்று.

மறுநாள் காலை, காளிதாசிடமிருந்தே நைசாக நம்பரை வாங்கிக்கொண்டு, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சங்ககிரிக்குப் போன் போட்டார். குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

“பச்சமுத்து ஊடுங்களா? பேரெல்லாம் கேக்காதீங்க. புதுச்சத்திரத்துக்கு வராதீங்க. பல்லு போன ஆளு பழசையெல்லாம் மறக்கல. கறுவிக்கிட்டு இருக்கான். நல்லதுக்குச் சொல்றேன்.”

அந்தப் பக்கம் பேசியது ஒரு பெண் குரல். “அப்படீங்களா சாமி, அவருகிட்டச் சொல்லிப்போடறேனுங்க” என்று பதறாமல் சொல்லி வைத்துவிட்டது.

சாயங்காலம் காளிதாஸ் பறந்து வந்தான்.

“மாமா, பச்சமுத்து பேசுனாருங்க! நீங்க கறுவிக்கிட்டு இருக்கறதா ஆரோ சொன்னாங்களாமா. ‘அப்படின்னா கட்டாயம் வாரேன், எத்தன மணிக்கு?’ன்னு கேக்கறாரு! மனுசனாங்க அவரு? இந்த வயசுலயும் பாருங்களேன்!”

“நான் எங்கப்பா கறுவுனேன்?”

“மறைக்காதீங்க மாமா. ஊருக்கே தெரிஞ்சுபோச்சு.”

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது. ஒரு பக்கம் குணசீலன், இன்னொரு பக்கம் ஆள் படம் கிடைக்காததால் ஒரு கரிய உருவம். நடுவில் நெருப்பு. ‘இருபத்தாறு ஆண்டுப் பகை! ஞாயிறு மாலை நான்கு மணி! அனைவரும் வாரீர்!’ ராசிபுரத்திலிருந்துகூட வேன் பிடித்து வருவதாகப் பேச்சு. பாதுகாப்புக்கு இரண்டு போலீஸ்காரர்களுக்கும் சொல்லியிருந்தார்கள்.

வசந்தாமணி சோறு போடும்போது கண் கலங்கினாள். “ஏனுங்க, அவரு கையக்கிய நீட்டுனா நீங்க திருப்பி அடிச்சுப்போடாதீங்க. வயசானவரு. ஆனா பல்ல மட்டும் நல்லாக் காட்டுங்க. பாத்து வெக்கப்படட்டும்.”

குணசீலன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய் திறந்தார். அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். வாயை மூடிக்கொண்டார்.

சந்து இருந்தால்தானே சாட்சி? சனிக்கிழமை பஸ் ஏறி ராசிபுரம் போய், பல் டாக்டரிடம் கழற்றி மாட்டுகிற மாதிரி இரண்டு பல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். இனி யாராவது உதட்டைத் தூக்கினால், எந்தப் பல், என்ன உடைந்தது என்று கேட்டுவிடலாம். பேசினால் மட்டும் லேசாக விசில் வந்தது.

“வஷந்தா, தண்ணி குடு.”

அவள் சொம்போடு வந்தாள். பார்த்தாள். சொம்பைக் கீழே வைத்தாள்.

“இதென்னுங்க கோலம்? இருவத்தஞ்சு வருசமாத் திறந்து வெச்சிருந்துட்டு, அந்த மனுசன் வர்ற நேரமாப் பாத்து மூடறீங்களா? கழட்டுங்க!”

கழற்றி வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஞாயிறு நான்கு மணி. பள்ளிக்கூட மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. மதில் மேல் ஆள், டிராக்டர் மேல் ஆள். முதல் வரிசையில் வசந்தாமணி. மேடையில் குணசீலன். காய்ச்சல் வந்தால் தேவலை, மயக்கம் வந்தால் இன்னும் தேவலை என்று அவர் வேண்டாத சாமி இல்லை.

கார் வந்து நின்றது. ஆறடி ஆள் ஒருவர் இறங்குவார் என்று கூட்டம் எக்கிப் பார்த்தது. வெள்ளை வேட்டி சட்டையில், காற்றடித்தால் சாய்ந்துவிடுகிற மாதிரி ஒரு ஒல்லி மனிதர் இறங்கினார். பின்னால் அவர் மனைவி ஆராயி, மடியில் வெற்றிலைப் பையோடு. கூட்டம் ஒரு நொடி திகைத்தது.

“அந்தக் காலத்து ஒடம்புங்க. உள்ள இரும்பு!” என்று ராசு யாரிடமோ சொன்னார். மறு நொடி விசில் பறந்தது.

பச்சமுத்துவை மேடையில் உட்காரவைத்துவிட்டு, காளிதாஸ் மைக்கைக் குணசீலன் வாய்க்கு நேரே நீட்டினான். “சொல்லுங்க மாமா, இவருதானுங்களா?”

குணசீலன் மனசுக்குள் கணக்குப் போட்டார். இல்லை என்று சொன்னால், அப்படியானால் வேறு யார் என்று அந்த மனிதரே கேட்பார். ஆமாம் என்று சொன்னால், எப்போதடா உன்னை அடித்தேன் என்று கேட்பார். எப்படிப் பார்த்தாலும் முதல் வரிசையில் வசந்தாமணி உட்கார்ந்திருக்கிறாள்.

பச்சமுத்து எழுந்து அருகே வந்தார்.  கட்டைவிரலால் குணசீலனின் மேலுதட்டைத் தூக்கி, மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.  போலீஸ்காரர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள்.

“மேல் வரிசை, ரெண்டு பல்லு,” என்றார் பச்சமுத்து மைக்கில். “எடது முழங்கைல வாங்குனது. நான் அடிச்சதுதான் சாமி. ரெப்ரீ பாக்கல.”

மைதானம் பிய்த்துக்கொண்டு போனது. பட்டாசு வெடித்தார்கள். பச்சமுத்து அவரைக் கட்டிப்பிடித்து, “பழசெல்லாம் மறந்துரு தம்பி” என்றார். வசந்தாமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் பெருமையாக என்னவோ சொன்னாள்.

குணசீலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் தலைதான் சுற்றியது. இவ்வளவு திட்டமாக இடது முழங்கை என்கிறாரே! ஒருவேளை உண்மையிலேயே இவர்தான் அடித்தாரோ, அடிபம்புதான் பொய்யோ என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டார்.

விழா முடிந்து பந்தலில் போண்டாவும் டீயும் கொடுத்தார்கள். பச்சமுத்துவைச் சுற்றி செல்ஃபி எடுக்கும் கூட்டம். ஆராயி மட்டும் ஓரமாக உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். குணசீலன் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு அவள் அருகே போய் நின்றார்.  யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“அக்கா, உங்க ஊட்டுக்காரரு இன்னைக்கு என் குடும்பத்தையே காப்பாத்திட்டாருங்க. இவ்வளவு பெரிய ஆட்டக்காரரு, எனக்காக ஒரு பொய் சொல்லிட்டாரு. இந்தப் பல்லு போனது அடிபம்புலங்க. அவரு மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க.”

ஆராயி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாக அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

“உங்களுக்கு அடிபம்புங்களா சாமி? போன மாசம் திருச்செங்கோட்டுல ஒருத்தருக்கு எருமக் கொம்பு, அதுக்கு முன்னால ஒருத்தருக்கு மாடிப்படி. எல்லாத்துக்கும் இவரு நாந்தான்னு ஆமாம் போட்டுட்டுப் பொன்னாடையோட வாராருங்க, ஆனா அந்தக் காலத்துல இவரு டீம் வந்த லாரிக்குக் கிளீனருங்க, டயருக்குக் கட்டை போட்டுட்டு அங்கயே படுத்துத் தூங்கிருவாரு, மைதானத்துக்குள்ள காலு வெச்சதே இன்னைக்குத்தானுங்க.”