வியாழக்கிழமை விண்கலம்

"கேப்டன் கதவைத் தொறக்கறாருங்க..." என்று நிறுத்திவிட்டு, பழனாத்தாள் ரசத்தை ஊற்றினாள்.

"வெளிய அவன் தம்பி நிப்பான்," என்றார் பாலுசாமி, வாயில் சோற்றோடு. "செத்துப்போனான்னு சொன்னாங்கல்ல, அவன். இந்த நாடகத்துல எவனாவது ஒழுங்காச் செத்திருக்கறானா?"

வழக்கமாக இந்த இடத்தில் பழனாத்தாள் மோவாயில் கை வைத்து, "ஏனுங்க, எப்படித்தானுங்க கண்டுபுடிக்கறீங்க?" என்பாள். அன்று வைக்கவில்லை.

"தம்பி இல்லீங்க."

"அப்ப அந்த ரோபோ."

"அதுவும் இல்லீங்க."

"பின்ன யாரு?"

"அதுக்குள்ள தொடரும்னு போட்டுட்டாங்க. அடுத்த வியாழக்கெழமைதான் தெரியும். மோர் ஊத்தட்டுங்களா?"

சனிக்கிழமை காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், கொடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்தாள். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பாலுசாமிக்குக் கோயமுத்தூர் கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் ஸ்டோரில் வேலை. வீடு சோமனூரில். இரண்டுக்கும் நடுவில் அவினாசி ரோடு, அந்த ரோடு நிறைய டிரைவர்கள். கண்ணாடி இருப்பது தலை சீவ, ஹாரன் இருப்பது பிரேக்குக்குப் பதிலாக என்பது அவர்கள் கட்சி. ஒருவன் வலது கையை வெளியே நீட்டினால் வலப்பக்கம் திரும்பப் போகிறான் என்று பொருள். அல்லது வெற்றிலைச் சாறு துப்பப் போகிறான். அல்லது எதிரில் மச்சான் வருகிறான். எது என்று தெரிவதற்குள் பின்னால் வருகிறவன் ஆஸ்பத்திரியில் இருப்பான். பாலுசாமியே ஒருமுறை அப்படிக் கால் ஒடிந்து வீட்டில் கிடந்தார்.

அப்போதுதான் அந்த நாடகத்தைப் பார்த்தார். வாரம் ஒருமுறை, சாயங்காலத்தில், வெளிநாட்டு விண்வெளித் தொடர், தமிழில் பேசியது. ஒரு கப்பல், ஒரு கேப்டன், ஒரு ரோபோ. வாராவாரம் கப்பல் வெடிக்கப் போகும். கடைசி நிமிஷத்தில் யாராவது சிவப்பு ஒயரைப் பிடுங்குவார்கள்.

கால் சரியாகி வேலைக்குப் போன பிறகு அவரால் ஒரு வாரம்கூடப் பார்க்க முடியவில்லை. பஸ் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் நாடகம் முடிந்திருக்கும். பழனாத்தாள் டிவியை அணைத்துவிட்டு, சோறு போட்டுக்கொண்டே கதையைச் சொல்வாள். அவர் முந்திக்கொண்டு முடிவைச் சொல்வார். அது அப்படியே சரியாக இருக்கும். அதன் பிறகு அதை எழுதியவனைத் திட்டுவார்.

"சண்டைக்கு வந்த வேற்றுக்கிரகத்தான், மொதல்ல சாப்பிடுங்க, பொறகு சண்டை போட்டுக்கலாம்ங்கறானாம்! தமிழ்ல மாத்தறேன்னு கெடுத்துப்போட்டானுங்க. இதை எழுதுனவனுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதா, புள்ள?"

"எனக்கென்னங்க தெரியும்," என்பாள் பழனாத்தாள். "இன்னுங் கொஞ்சம் சோறு போட்டுக்கங்க."

ரோட்டில் ஏறின கோபம் நாடகக்காரன் தலையில் இறங்கிவிடும். சோறும் இறங்கும்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எதிரில் உட்கார்ந்திருந்தபோதும் பாலுசாமியின் மண்டைக்குள் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது: கதவுக்கு வெளியே யார்?

யாரிடம் கேட்பது? பெருந்துறை அக்கா பாவாத்தாள், மூன்று மாதம் டிவி போடக் கூடாது என்று பெட்டிக்குப் போர்வை போர்த்தி, நாலு முனையையும் இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். பெண்டாட்டி போய் ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் நாடகம் என்னாச்சு என்று தெருவில் விசாரித்தால் சோமனூர் என்ன பேசும்? அதுவும், குப்பை நாடகம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்த மனுஷன்?

கருமாதி முடிந்து வேலையில் சேர்ந்த வாரம், வியாழக்கிழமை, முடிவு செய்தார். நேரத்திலேயே வீட்டுக்குப் போவது. கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து, பார்த்துவிடுவது. நடுவில் சில வாரம் போனாலும் பரவாயில்லை. நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லும் நாடகம் அது. அவள் பாதியில் விட்டுப்போனது அது ஒன்றுதான். அதையாவது முடித்துவிட வேண்டும்.

மேனேஜரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, காந்திபுரத்தில் சோமனூர் பஸ்ஸில் ஏறினார். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"ஏனுங்க, இந்த வண்டி இன்னைக்குக் கெளம்புமுங்களா?"

"பொறுங்க, பின்னால வண்டி வரட்டும்," என்றார் கண்டக்டர். "அப்பறம் பாருங்க நம்ம டிரைவரு பறக்கறத."

பின்னால் வண்டி வந்தது. டிரைவர் பறந்தார். பீளமேடு வரைக்கும் நிறுத்தத்தில் நின்றவர்களைக் கும்பிடுகூடப் போடாமல் கடந்தார். சின்னியம்பாளையம் தாண்டி, எதிரில் லாரி வரும்போது ஓர் ஈரோடு பஸ்ஸை முந்தி, அதன் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பஸ்ஸும் ரோட்டுக்குக் குறுக்கே. இரண்டு டிரைவர்களும் இறங்கினார்கள்.

"ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு இருக்குதுங்களா?" என்றார் ஈரோடு டிரைவர் கருப்புசாமி.

"இருக்குதுங்க. உங்க வண்டி ரோட்டுல பாதியை அடைச்சுட்டு நின்னா என்னத்தைங்க பாக்கறது?"

"நீங்கெல்லாம் மாடு மேய்க்கத்தானுங்க லாயக்கு."

"மரியாதையாப் பேசுங்க!"

"மரியாதையாத்தானுங்க பேசறேன், மாடு மேய்க்கப் போங்கன்னு!"

இத்தனை 'ங்க' போட்டுத் திட்டிக்கொண்டால் விடிந்துவிடும் என்று பாலுசாமிக்குப் பட்டது. கருப்புசாமி பேச்சோடு பேச்சாகத் தன் ஸ்டியரிங் பக்கம் நகர்வதைப் பார்த்து, அந்தப் பஸ்தான் முதலில் கிளம்பும் என்று கணக்குப் போட்டு, இறங்கி ஓடி அதில் தொற்றிக்கொண்டார். அவர் ஏறின அந்த நிமிஷமே சோமனூர் பஸ் சண்டையை அந்தரத்தில் விட்டுவிட்டுப் பறந்துபோயிற்று.

"கருமத்தம்பட்டி பிரிவு ஒண்ணு," என்றார், சோமனூருக்குத் திரும்புகிற இடத்தைச் சொல்லி.

"அங்கெல்லாம் நிக்காதுங்க," என்றார் கண்டக்டர் அப்புசாமி. "நேரா அவினாசிதான்."

பாலுசாமி கெஞ்சினார். அப்புசாமி கேட்கவில்லை. சட்டத்தை எல்லாம் மதிக்கிற கண்டக்டரை இன்றைக்குத்தானா கடவுள் அனுப்ப வேண்டும்? வேறு வழி தெரியாமல் சொல்லிவிட்டார்:

"ஊட்டுல எழவுங்க. என்ர சம்சாரம்."

பொய் இல்லை. தேதி மட்டும் கொஞ்சம் பழசு.

பஸ் மொத்தமும் திரும்பியது. "அடக் கடவுளே!" என்றார் அப்புசாமி. முன் சீட்டுக்காரர் எழுந்து இடம் கொடுத்தார். டிரைவருக்குப் பின்னால் இருந்த ஓர் அம்மாள் முந்தானையை வாயில் பொத்தி, "பேரு என்னங்க?" என்று கேட்டாள். பேரைச் சொன்னதுதான் தாமதம், "என்னப் பெத்த பழனாத்தா!" என்று அங்கேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள்.

"நீங்க கவலப்படாதீங்க," என்றார் கருப்புசாமி. "பிரிவுல எறக்கிவிட்டா பொறகு எதுல போவீங்க? ஊட்டு வாசல்லயே கொண்டுபோய் உடறேன்."

"அய்யோ வேண்டாமுங்க, பிரிவே போதும்."

"சும்மா இருங்க. நானும் பொண்டாட்டியப் பறிகொடுத்தவன்தான்."

சொன்னவர் ஸ்டியரிங்கைவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ் ஒரு புளியமரத்தை விசாரித்துவிட்டு ரோட்டுக்குத் திரும்பியது. நீலாம்பூரில் திடீரென்று நிறுத்தினார்.

"ஏனுங்க நிறுத்திப்போட்டீங்க?" பாலுசாமி பதறினார்.

"வெறுங்கையோட போவாங்களா? அப்பு, ஒரு நல்ல மாலையா வாங்கியா."

அப்புசாமி மாலை வாங்கப் போனார். கடைக்காரர் கட்டிவைத்திருந்த மாலையைக் காட்டினார். அது வாடிப்போனது என்று அப்புசாமி புதிதாகக் கட்டச் சொன்னார். பாலுசாமி ஜன்னல் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள், "அழுதுருங்க சாமி, உள்ளுக்குள்ள வெச்சுக்காதீங்க," என்று முதுகைத் தடவினாள்.

மாலை வந்தது. விட்ட நேரத்தைப் பிடிக்கக் கருப்புசாமி, தன் வாழ்நாளில் சேர்த்துவைத்த நிதானத்தை எல்லாம் கருமத்தம்பட்டிக்குள் செலவழித்துவிட்டார். ஒரு கோழி, ஒரு சைக்கிள், காடாத்துணி மூட்டை ஏற்றிய ஒரு வேன், மூன்றும் ஆளுக்கொரு பக்கம் சாக்கடையில் இறங்கி வழிவிட்டன. இத்தனை நாள் தான் திட்டிய டிரைவர் எல்லாம் இவருக்கு முன்னால் சாதுக்கள் என்று பாலுசாமி நினைத்துக்கொண்டார்.

ஈரோடு பஸ் சோமனூரில் அவருடைய சந்துக்குள் நுழைந்து, வீட்டு வாசலில் நின்றது. ஒப்பாரி முன்னே போக, மாலை பின்னே போக, சனம் இறங்கியது.

வீடு பூட்டியிருந்தது.

ஒப்பாரி பாதி அடியில் நின்றது. "எழவு ஊட்டுல பூட்டா?" என்றார் அப்புசாமி.

பக்கத்து வீட்டுச் சித்திகா, என்னவோ ஏதோ என்று வெளியே ஓடிவந்தாள். பழனாத்தாளோடு எப்போதும் ஒன்றாகவே இருந்தவள் அவள்தான். மாலையையும் கூட்டத்தையும் பார்த்து, "என்னங்கண்ணா ஆச்சு?" என்றாள்.

பாலுசாமிக்கு ஓட இடமில்லை. "சம்சாரம் போனது போன மாசமுங்க," என்றார், தரையைப் பார்த்து.

"பின்ன எதுக்குங்க இந்தப் பறப்பு?" கருப்புசாமியின் குரலில் இப்போதும் 'ங்க' இருந்தது, மரியாதை இல்லை.

"ஒரு நாடகம் பாக்கோணுங்க."

அடி விழும் என்றுதான் நினைத்தார். அதனால் வேகமாகச் சொன்னார்: கப்பல், கேப்டன், அவள் கடைசியாகச் சொன்ன கதை, திறந்த கதவு. தம்பி இல்லை, ரோபோவும் இல்லை. அடுத்த வாரம் தெரியும் என்று சொல்லிவிட்டு, மோர் ஊற்றிவிட்டு, போய்விட்டாள்.

கருப்புசாமி அப்புசாமி கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டார்.

"வில்லன்தானுங்க நிப்பான். வேற யாரு?"

"அவனை அப்பவே கொன்னுட்டாங்க," என்றார் பாலுசாமி.

"கேப்டனோட சம்சாரமா இருக்கும்," என்றாள் ஒப்பாரி அம்மாள். "மொதல்ல கதவைத் தொறங்க சாமி, பாத்துப்போடலாம்."

பாதி பஸ் வீட்டுக்குள் வந்தது. கருப்புசாமி மாலையைப் பழனாத்தாள் படத்துக்குப் போட்டார். பாவாத்தாளின் முடிச்சுகளை அப்புசாமி பல்லால் அவிழ்த்தார். பாலுசாமி சுவிட்சைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நாடகம் தொடங்குகிற நேரம். பல வருஷத்தில் முதல்முறையாக அவர் பிந்தவில்லை.

படம் மெல்லத் தெளிந்தது. ஒரு தென்னந்தோப்பு. தலையில் துண்டு கட்டிய ஒருவர் மண்வெட்டியோடு குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

"சேனல் தப்பா இருக்குதுங்க," என்றார் அப்புசாமி.

பாலுசாமி எல்லாச் சேனலையும் திருகினார். மீண்டும் அங்கேயே வந்தார். குழி இன்னும் கொஞ்சம் ஆழமாகியிருந்தது. பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"தட்டாதீங்கண்ணா," என்றாள் சித்திகா, வாசற்படியில் நின்றபடி. "அந்த நாடகம் நின்னு ரண்டு வருசம் ஆச்சுங்களே. அப்ப இருந்து இன்னைக்கு வரைக்கும், வியாழக்கெழமையானா இந்த நேரத்துக்குத் தென்னைக்கு ஒரம் வெக்கறதுதானுங்க. அக்காளும் நானும் இதைத்தானே பாத்துட்டிருந்தோம்."