ஞாயிற்றுக்கிழமை ஈரம்

மழை பெய்து இருபத்து மூன்று நாளாகிவிட்டது. அந்தச் சுவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

அழகுமுத்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். புறங்கையை வைத்துப் பார்த்தார். கடைசியில் குனிந்து முகர்ந்தும் பார்த்தார். அடுப்படி மூலையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குச் சுவர் நனைந்திருந்தது. மற்றபடி வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிவப்புச் சீமெந்துத் தரை முகம் பார்க்கலாம் போல மினுங்கியது.

"இது என்னங்கய்யா ஈரம்?"

வீட்டுக்காரர் பத்திநாதன், தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அப்போதுதான் மாதா கோயிலில் பூசை முடிந்து கோட்டும் தொப்பியுமாக வந்திருந்தார். அவரும் குனிந்து பார்த்துவிட்டு, நேற்று ராத்திரி வரை இது இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தார். விற்கிறவர் செய்யும் சத்தியத்தை அழகுமுத்து காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இருபத்தெட்டு வருஷம் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர் அவர். மார்ச் கடைசியோடு வேலை முடிகிறது. தோட்டத்து வீட்டைப் புதிதாக வருகிறவனுக்கு ஒழித்துக் கொடுக்க வேண்டும். பிரஜாவுரிமைக் கடதாசி கைக்கு வந்த அன்றே, இனி எந்தத் தோட்டத் துரையும் போகச் சொல்ல முடியாத வீட்டில்தான் படுப்பேன் என்று மனைவி வீரம்மாவிடம் சொல்லிவிட்டார். கையிலிருந்த சேமிப்புக்குப் பூண்டுலோயாவில் அகப்பட்டது இந்த ஒரு வீடு. வாங்கிய பிறகு இது சாய்ந்தால் இன்னொன்று வாங்க ஆயுள் பத்தாது.

ஆகவே சோதித்தார். ஈரத்துக்குத் தானாக நடக்கத் தெரியாது என்பது அவர் கொள்கை. மேலிருந்து ஒழுக வேண்டும், கீழிருந்து ஏற வேண்டும், அல்லது ஓட்டை வழியாக நுழைய வேண்டும். பென்சிலால் ஈரத்தின் விளிம்பில் கோடு கிழித்துத் தேதி போட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குண்டை எடுத்து வாசற்படியருகே வைத்தார். அது மெல்ல உருண்டு, அடுப்படிக்குள் புகுந்து, நனைந்த மூலையில் போய் நின்றது. அங்கே விறகுக் கட்டுக்குப் பின்னால் எலி நுழையும் அளவில் ஒரு ஓட்டை.

"அகப்பட்டுச்சு பாத்தீங்களா. வெளிக் குளிரு இது வழியா உள்ள வருது. வந்து சுவத்துல வேர்க்குது" என்றார். கொதிக்கும் கேத்தலின் மூடியில் நீர் எப்படித் திரள்கிறது என்று கால் மணி நேரம் விளக்கியபடியே, சீமெந்து குழைத்து ஓட்டையை அடைத்தார். பத்திநாதனின் மனைவி பெற்றீசியா கதவோரம் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். விளக்கம் முடியவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

அவருக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும். அடுத்த ஞாயிறு காலை முதலாவது பஸ்ஸில் வந்து பார்த்தபோது ஈரம் பென்சில் கோட்டைத் தாண்டி, தரையிலிருந்து இரண்டு சாண் ஏறியிருந்தது.

அப்படியானால் கூரைதான். ஏணி போட்டு ஏறி, அடுப்படிக்கு மேலிருந்த நாலு தகரத்தையும் கழற்றினார். ஓட்டை ஒன்றுமில்லை. இருபது வருஷத்துக் கரி மட்டும் பொலபொலவென்று கீழே கொட்டி, சுவரும் தரையும் சட்டிபானையும் கறுத்துப்போயின. பெற்றீசியா விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

மூன்றாம் ஞாயிறு, மூன்று சாண்.

அழகுமுத்துவுக்குத் தூக்கம் போயிற்று. ஸ்டோரில் வேலை நேரத்திலும் கை சும்மா இருக்காமல் சுவர்களைத் தட்டிப் பார்த்தார். நானும் ஒரு தடவை வந்து பார்க்கிறேனே என்று வீரம்மா கேட்டாள்.

"நீ வந்து என்ன செய்யப்போற? சுவத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கப்போறியா?"

"நீங்க புடிச்சதுல அது மூணு சாண் ஏறியிருக்கு. நான் புடிச்சா எறங்குதான்னு பாப்போம்."

அவளை விட்டுவிட்டு, நாலாம் ஞாயிறு சுவர் கட்டும் மேசன் பாஸ் செல்லசாமியைக் கூட்டிப் போனார். செல்லசாமி சுவரில் காதை வைத்துக் கேட்டு, வீட்டுக்கு அடியில் ஊற்று ஓடுகிறது என்றார். வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு பள்ளம் வெட்டினார்கள். மண் மூக்குப்பொடி போல உலர்ந்திருந்தது. அப்படியானால் ஊற்று இன்னும் ஆழத்தில் என்றார் செல்லசாமி. இருவரும் அந்தச் செம்மண் காலோடு பத்துத் தடவை உள்ளே போய் வந்தார்கள்; பென்சில் கோடு போட்ட இடத்தை விட்டுச் சுவரின் பூச்சையும் கொத்தி எடுத்தார்கள். மீன் குழம்பில் சுண்ணாம்பு விழுந்தது.

பத்திநாதனுக்கு அழுகை வராத குறை. "நம்புங்க அழகுமுத்து. வாரம் முழுக்க காஞ்சுதான் கெடக்குது. நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் நனையுது."

"அப்ப ஊத்துக்கு என் மேல கோவமாங்கய்யா?"

பேக்கரிக்காரர் ஒருவர் வீட்டைக் கேட்டிருக்கிறார், வருகிற ஞாயிறோடு ஒரு முடிவு சொல்லுங்கள் என்று பத்திநாதன் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஐந்தாம் ஞாயிறு வீரம்மாவும் வந்தாள். ஈரம் இடுப்புக்கு ஏறியிருந்தது. அழகுமுத்து வாரத்துக்கு ஒன்றாகக் கிழித்த தன் ஐந்து பென்சில் கோடுகளையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு பத்திநாதனிடம் வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். இன்னும் பத்தொன்பது நாளில் எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

உள்ளே வீரம்மா சுவரைப் பார்க்கவில்லை. பெற்றீசியாவைப் பார்த்தாள். சேலை முழங்கால் வரை நனைந்து, இடுப்பில் கையை ஊன்றி நின்றாள் அவள்.

"என்னங்கம்மா, இடுப்பு வலிக்குதா?"

ஐந்து வாரத்தில் அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான்.

"வலிக்காம? வீடு பாக்க ஆளு வர்றப்ப அழுக்கா கெடந்தா யாரு வாங்குவாங்க? ஞாயித்துக்கெழம இவரு பூசைக்குப் போனதும் நான் வாளி வாளியா ஊத்தித் தேய்க்கிறேன். மொத வாரம் மூணு வாளி. ஒங்க வீட்டுக்காரரு கரியும் மண்ணும் சுண்ணாம்புமா ஆக்கிட்டுப் போகப்போக, இன்னிக்கு இருபத்தாறு. கழுவுன தண்ணி வெளிய போக வச்ச ஓட்டையையும் மொத நாளே அடைச்சிட்டாரு. அந்தச் சீமெந்தக் கொத்திவிட்டுட்டு, சொல்லாம ஒரு செவ்வாக்கெழம வரச் சொல்லுங்க. சுவரு காஞ்சிருக்கும்."