மூன்றாம் தூணில் விழுந்த விரிசல்

பிரியமுள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே அனைவரும் நலம், மூன்றாம் தூண் தவிர. போனில் நீ என்னை ஒரு வாக்கியமாவது முடிக்கவிட்டதில்லை, ஆகவே கடிதம்.

நம் இருவருக்கும் பொதுவான கிடங்கில் அந்தத் தூண் விரிசல் விட்டது உண்மை. என் பேத்தி போட்ட கணக்குதான் காரணம் என்று நீ அனுப்பிய வெல்டர் சொன்னது பொய். வேலையை அவளிடமிருந்து பிடுங்கி வேறு இன்ஜினீயரிடம் கொடுக்குமுன் இதைப் படி. நான் ஐந்தாம் வகுப்புதான், எனக்கே புரிந்தது. கரையான் தின்ற மர உத்தரத்துக்குப் பதில் ஸ்டீல் உத்தரம் வருகிறது, தாங்கப்போவதோ பழைய வார்ப்பிரும்புத் தூண்கள் நாலு. அவள் ஒன்றில் சின்னதாகத் துளை போட்டுக் காட்டினாள், சீவல் ஸ்டீல் மாதிரி சுருள் சுருளாக வரவில்லை, கரித்தூள் மாதிரி கொட்டியது. "பாட்டி, இது பாரம் தாங்கும், சூடு தாங்காது. வெல்டிங் வச்சா ஆறும்போது வெடிச்சிரும். ரெண்டு பாதியா இரும்புப் பட்டை செஞ்சு, தூணைச் சுத்தி போல்ட் போட்டு இறுக்கி, அதுமேல உத்தரத்தை உக்கார வைக்கணும்" என்றாள். உன் வெல்டரோ, "முப்பது வருஷமா ஒட்டுறேன், தூணுக்கு பெல்ட் கட்டுறதை இப்பத்தான் பாக்கறேன்" என்று சிரித்தான். மூன்றாம் தூணுக்குப் பட்டை வாங்க அவள் பட்டறைக்குப் போன நேரம் இவன் ஏணியில் ஏறினான், பொறி பறந்தது, பாதி ஒட்டினான், டீ குடிக்க இறங்கினான், தூண் ஆறியது, டிங்கென்று ஒரு சத்தம், பார்த்தால் ஒரு முழ நீளத்துக்கு மயிரிழைக் கோடு. "தூண் பழசும்மா" என்கிறான். நானும்தான் பழசு, வெடித்தேனா? பேத்தி வந்தாள், நாலு ஜாக்கி வைத்து மேல்தளத்துக்கு முட்டுக் கொடுத்தாள். மற்ற மூன்று தூணும் அவள் போட்ட பட்டையோடு அசையாமல் நிற்கின்றன. ஆகவே குற்றம் முழுதும் உன் ஆளுடையது, அவனை உடனே திருப்பி அழைத்துக்கொள்.

நல்ல தூக்கமும் நல்ல செரிமானமும் பெற்று நீ நெடுநாள் வாழ ஆசீர்வதிக்கும்,
அக்கா.

பி.கு.: வெல்டரைத் திட்டாதே. அவன் சிரித்தானே தவிர, "பாப்பா வரட்டும்மா" என்று ஏணியைத் தொடவே இல்லை. வேலை சொன்ன நாளுக்கு முன்பே முடிந்தால் என் பேத்தியை நீ நாலு பேரிடம் பெருமையாகச் சொல்வாயே என்று, ஏறுடா ஏறுடா என அவனை ஏற்றிவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் கணக்கின்மேல் பழியைப் போட்டிருக்கிறான். யாரிடமிருந்தாவது எதையாவது பிடுங்கியே ஆகவேண்டுமென்றால், என்னிடமிருந்து கிடங்குச் சாவியைப் பிடுங்கு.